நிறை ஏறாமல் அடிக்கடி நோய்ப்படும் பிள்ளை: திரிபோஷா, வீட்டுச் சாப்பாடு, ரொனிக், பால்மா, வைத்தியசாலை – எதை முதலில் தேர்வது?

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதமாக நிறை ஏறவில்லை. மாதம் தவறாமல் சளிக்காய்ச்சல், இடையிடையே வயிற்றோட்டம். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் யோசனை சொல்ல ஆள் குறையாது. அம்மம்மா பால்மாவைக் கூட்டிக் கரைக்கச் சொல்வார். பாமசியில் பசி எடுக்க ஒரு ரொனிக் தருவார்கள். கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா எழுதுவார்கள். பக்கத்து வீட்டில் குரக்கன் கஞ்சி என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கப் பெரும்பாலான வீடுகளில் காசு இல்லை. ஆகவே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, எதை வாங்காமலே விடலாம் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். திருகோணமலை மாவட்டத்தில் கிடைக்கும் பொருளும் சேவையும்தான் கணக்கில். அளவுகள் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு உரியவை.

முதலில் நாடா

எந்தத் தெரிவு சரி என்பது பிள்ளை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கிளினிக் கார்டில் நிறைப்புள்ளிகள் இருக்கும். அவற்றோடு மேற்கையின் சுற்றளவையும் பாருங்கள். இடது கையை முழங்கையில் மடித்து, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் தையல் நாடாவைச் சுற்றுங்கள். நாடா தோலைத் தொட்டால் போதும், தசையை அழுத்தக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைந்து, பிள்ளை தவறான வகுப்புக்குள் போய்விடும்.

12.5 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் கையளவின்படி நடுத்தர மெலிவோ கடும் மெலிவோ இல்லை. 11.5க்கும் 12.5க்கும் இடையில் இருந்தால் நடுத்தர மந்தபோசணை. 11.5க்குக் கீழே கடும் மந்தபோசணை. இரண்டு பாதத்தின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால், கைச் சுற்றளவு எதுவாக இருந்தாலும் அது கடும் மந்தபோசணைதான். வீங்கிய பிள்ளை கொழுகொழுவென்று தெரியும். நிறையும் குறைவாகக் காட்டாது, உள்ளே இருப்பது தண்ணீர். வீட்டில் அதிகம் தவறவிடும் அறிகுறி இதுவே.

கடும் மந்தபோசணை என்றால் இந்த ஒப்பீட்டில் உங்களுக்குத் தேவையானது வைத்தியசாலை பற்றிய பகுதி மட்டும். அதை வாசித்துவிட்டு இன்றே புறப்படுங்கள்.

சாப்பாடு குறைந்தால் எதிர்ப்புச் சக்தி ஏன் விழுகிறது?

இது தெரிந்தால்தான் எந்தப் பொருளுக்குக் காசு கொடுப்பது தகும் என்று எடைபோட முடியும்.

சக்தி போதாமல் போகும்போது உடல் செலவைக் குறைக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் போவதை நிறுத்த முடியாது. முதலில் வெட்டு விழும் இடங்களில் ஒன்று தைமஸ் சுரப்பி. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பியில்தான் ரீ-கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் முதிர்ச்சி அடைகின்றன. போசாக்குக்கு ஏற்ப இது பெருத்தும் சிறுத்தும் போவதை ஜோன் சைமன் என்ற ஆங்கில மருத்துவர் 1845இலேயே கவனித்து எழுதினார். இன்று காரணமும் தெரியும். கொழுப்பு இழையம் கரையும்போது அதிலிருந்து வரும் லெப்ரின் ஓமோன் குறைகிறது, நெருக்கடி ஓமோனான கோர்ட்டிசோல் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து தைமஸைச் சுருக்குகின்றன. அதனால் வைரசையும் காசநோய்க் கிருமியையும் எதிர்கொள்ளும் படை மெலிகிறது. கடுமையாக மெலிந்த பிள்ளைக்குத் தோலில் போடும் காசநோய்ப் பரிசோதனை, நோய் இருந்தும் இல்லை என்று காட்டுவது இதனால்தான். தோலில் வீக்கத்தை உண்டாக்க வேண்டிய கலங்களே அங்கே போதாது.

குடலிலும் இதேதான் நடக்கிறது. குடலின் உள்ளோரக் கலங்கள் சில நாளுக்கொருமுறை புதிதாக வேண்டும். புரதமும் நாகச்சத்தும் (சிங்க்) இல்லாதபோது, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சடைமுளைகள் தட்டையாகி, சவ்வில் கசிவு ஏற்படுகிறது. குடலைக் காக்கும் ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி (கிருமியோடு ஒட்டி அதைத் தடுக்கும் புரதம்) குறைகிறது. வயிற்றின் அமிலமும் குறைவதால் கிணற்றுத் தண்ணீரில் வந்த கிருமி உயிரோடு குடலுக்குப் போய்ச் சேர்கிறது. கிருமியை அழிக்கத் துணைநிற்கும், ஈரல் செய்யும் குறைநிரப்பிப் புரதங்கள் குறைகின்றன. கிருமியை விழுங்கும் கலங்கள் விழுங்கிவிடும், ஆனால் விழுங்கியதைக் கொல்லும் வேகம் அவற்றுக்கு இல்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குருதியில் சுற்றும் ஐஜிஜி பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் குறைவதில்லை. ஆகவே மெலிந்த பிள்ளைக்கும் தடுப்பூசி பலன் தரும். வாய்வழிச் சொட்டு மருந்துகளின் பலன் சற்றுக் குறையலாம், ஊசிகளில் அந்தக் குறை சிறிது. "பிள்ளை தேறட்டும், பிறகு போடுவோம்" என்று ஊசியைத் தள்ளிவைப்பது, காவல் மிகக் குறைந்த நேரத்தில் இருக்கும் ஒரே காவலையும் எடுத்துவிடுவதாகும்.

நோயும் தன் பங்குக்குப் போசாக்கைத் தின்கிறது. உடல் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் சக்தித் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும். அதே நேரம் பசி போய்விடும். தசை உருகும், காய்ச்சலில் விற்றமின் ஏ சிறுநீரோடு வெளியேறும், வயிற்றோட்டத்தில் நாகம் போகும். அடுத்த கிருமி வரும்போது பிள்ளை முன்னைவிட மெலிந்திருக்கிறது. ஐந்து வயதுக்குள் நிகழும் மரணங்களில் கிட்டத்தட்ட பாதியில் மந்தபோசணைக்குப் பங்கு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்தச் சுழலைத்தான்.

எதிர்ப்புச் சக்தி என்பது, கலோரிச் சக்தியும் புரதமும், விற்றமின், கனியுப்பு ஆகிய நுண்போசணையும் சேர்ந்து கட்டப்படும் ஓர் இழையம். ஒற்றைச் சத்தை மாத்திரம் ஊற்றினால் அது கட்டப்படாது. கீழே உள்ள ஒவ்வொரு தெரிவையும் நாம் எடைபோடுவது இந்தக் கல்லை வைத்துத்தான்.

திரிபோஷா

1973இல் தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் சேர்த்து முன்கூட்டியே வேகவைத்து அரைத்து, விற்றமின்களும் கனியுப்புகளும் கலந்த மா. எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவருக்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு. அதாவது நாளுக்கு 50 கிராம். அதில் சுமார் 200 கிலோகலோரியும் 10 கிராம் புரதமும் உண்டு.

தாய்ப்பால் குடிக்கும் ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளுக்குச் சுமார் 550 கிலோகலோரி வேண்டும். திரிபோஷா அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டித் தருகிறது. காசு கொடுக்காமல் சக்தி, புரதம், நுண்போசணை மூன்றும் ஒரே பொருளில் வருவது இங்கே மாத்திரம்தான். கிடைக்கும்போது வாங்காமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

பலன் தராமல் போவதற்கு முதற் காரணம் பகிர்வு. ஒரு பிள்ளைக்கு வந்த மா, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டையாகி, வீட்டில் நாலு பேருக்குப் போகிறது. சோதித்துப் பார்ப்பது எளிது: பைக்கற்றை உடைத்த திகதியை அதன்மேல் எழுதுங்கள். 15 நாளுக்கு முன் தீர்ந்தால் பிள்ளைக்கு உரிய அளவு பிள்ளைக்குப் போகவில்லை. அண்ணன் அக்காவுக்கும் பசி இருக்கும், அவர்களை மறுக்கத் தாய்க்கு மனம் வராது. அவர்களுக்கு அவித்த பயறோ கடலையோ தனியாக வைத்தால்தான் இந்தக் கசிவு நிற்கும்.

இரண்டாவது, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுப்பது. காலையில் திரிபோஷா கொடுத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டை நிறுத்தினால் கூடியது எதுவும் இல்லை. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் 25 கிராம் வீதம், சாப்பாட்டுக்கு இடையில் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு உலர்ந்த உருண்டை தொண்டையில் அடைக்கும். கொதித்தாறிய தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, கரண்டியில் நிற்கும் பதத்தில் ஊட்டுங்கள்.

மூன்றாவது, ஈரம். மாரி காலத்தில் கடற்கரைக் காற்றில் திறந்த பைக்கற் ஒரு கிழமைக்குள் கட்டிபடும். சோளத்திலும் கச்சானிலும் வளரும் பூஞ்சணம் விடும் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்குவதோடு எதிர்ப்புச் சக்தியையும் வளர்ச்சியையும் குறைக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. இறுக்கமான மூடியுள்ள உலர்ந்த ரின்னில் கொட்டி வையுங்கள். கட்டி, புளித்த மணம், புழு கண்டால் சலித்து எடுத்துப் பாவிக்க வேண்டாம், எறியுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடியில் பைக்கற்றுக்கள் மாதக்கணக்காக வராமல் போனது பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே இதை மாத்திரம் நம்பியிருக்க முடியாது.

வீட்டுச் சாப்பாடு

நடுத்தர மெலிவுள்ள பிள்ளைக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான், திரிபோஷா கிடைக்கும் மாதத்திலும் கூட. ஆனால் "நல்லாச் சாப்பிடக் கொடுங்கோ" என்று சொல்லிவிடுவதில் பயன் இல்லை. எங்கே பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் பிழைப்பது கஞ்சியின் பதம். பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, ஒரு கிலோ நிறைக்குச் சுமார் 30 கிராம். 8 கிலோப் பிள்ளைக்கு 240 கிராம். தண்ணீராக ஓடும் அரிசிக் கஞ்சியில் 100 மில்லிலீற்றருக்கு 30, 40 கிலோகலோரிதான் இருக்கும். வயிறு முட்டக் குடித்தாலும் ஒரு வேளைக்கு 100 கிலோகலோரி தாண்டாது. குழையச் சோறும் பருப்பும் மசித்து எண்ணெய் விட்டால் அதே வயிற்றில் 200 கிலோகலோரிக்கு மேல் போகும். கரண்டியைச் சரித்தால் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம்.

ஒரு வேளைக்கு: இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு மைசூர்ப் பருப்பு சேர்த்துக் குழைய அவித்தது முக்கால் கோப்பை, முள் நீக்கி உதிர்த்த மீன் இரண்டு மேசைக்கரண்டி அல்லது முழுக்க அவித்த முட்டை ஒன்று, பொடியாக அரிந்த முருங்கை இலையோ பொன்னாங்காணியோ ஒரு மேசைக்கரண்டி, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி, இறக்கிய பின் சில துளி தேசிப்புளி. ஒரு தேக்கரண்டி எண்ணெய் மாத்திரம் 40 கிலோகலோரி கூட்டும். கீரையிலும் பூசணியிலும் பப்பாசியிலும் இருக்கும் விற்றமின் ஏயின் மூலப்பொருளைக் குடல் உறிஞ்சவும் அந்த எண்ணெய் வேண்டும். தேசிப்புளி இரும்பை உறிஞ்ச உதவும், தேநீர் அதைத் தடுக்கும். இங்கே ஒன்றரை வயதிலேயே பிளேன்டீயில் பிஸ்கற்றைத் தோய்த்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதை நிறுத்துவதற்குச் செலவே இல்லை, பலனோ பெரிது.

மீனா முட்டையா என்ற கேள்விக்கு ஒரு பயனுள்ள சான்று உண்டு. எக்குவடோரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் நாளுக்கு ஒரு முட்டை கொடுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. குட்டையாகும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அதே முறையை மலாவியில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அங்கே ஏரிக்கரைப் பிள்ளைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டு வந்தது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நமக்கும் இது பொருந்தும். நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ மீன் தினமும் உலையேறும் வீட்டில், அந்த மீன் பிள்ளையின் வாய்க்கும் போகிறதா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் குழம்புச் சாறு மாத்திரம்தான் பிள்ளையின் சோற்றில் விழுகிறது, சதை பெரியவர்களின் கோப்பைக்குப் போகிறது. அங்கே புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை, பங்கை மாற்றினால் போதும். மீன் தினமும் இல்லாத வீட்டில் நாளுக்கு ஒரு முட்டைக்குச் செலவழிப்பது தகும்.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல் புரதத்தின் விலையைப் பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 30 கிராம் மீன் சதையிலும் ஏறக்குறைய அதே அளவு. 30 கிராம் உலர் பருப்பில் 7 கிராம், 25 கிராம் பால்மாவில் 6 கிராமளவு. அன்றைய விலையை இந்த எண்ணால் வகுத்தால் உங்கள் சந்தையில் எது மலிவு என்று தெரிந்துவிடும். பாரை, அறக்குளாவைவிடச் சூடையும் கீரியும் நெத்தலியும் எப்போதும் மலிவு, சத்தில் குறைவும் இல்லை. முள்ளோடு மெதுமெதுப்பாக அவித்து மசித்தால் கல்சியமும் சேரும். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்து முள்ளை எடுத்துவிட்டே ஊட்டுங்கள்.

கார்த்திகையில் தொடங்கும் வடகீழ்ப் பருவக்காற்றோடு கடல் கொந்தளிக்கும், மீன் விலை ஏறும். சளியும் வயிற்றோட்டமும் கூடுவதும் அதே மாதங்களில்தான். அந்தக் காலத்துக்கு நெத்தலிக் கருவாட்டுத் தூள் செய்து வைக்கலாம். தலையையும் குடலையும் நீக்கி, மூன்று தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து உப்பைப் போக்கி, வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். உப்பைப் போக்காமல் அரைப்பதும், பெருமளவில் அரைத்து எண்ணெய்ச் சிக்கு வரும்வரை வைத்திருப்பதும்தான் இதில் வரும் பிழைகள். இரண்டு கிழமைக்கு மேல் வைக்காதீர்கள்.

மச்சம் சாப்பிடாத வீடுகளுக்குப் பயறு, உளுந்து, சோயா, எள்ளு, தயிர். மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரில் 100 கிராமுக்கு 4 கிராமுக்கு மேல் புரதமும் 7 கிராமளவு கொழுப்பும் உண்டு. தானியத்திலும் பயறிலும் இருக்கும் பைற்றிக் அமிலம் நாகத்தையும் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். குரக்கன் கஞ்சியில் உள்ள இரும்பு முழுதாக உடலில் சேராதது இதனால்தான். முளைகட்டினால் அது குறையும். பயறை இரவில் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி, முளை வந்ததும் நன்றாக அவியுங்கள். பச்சையாகக் கொடுக்காதீர்கள், முளைவிடும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை. முளைகட்டிய குரக்கனை உலர்த்தி அரைத்த மாவில் இன்னொரு பயன் உண்டு. கட்டியான கஞ்சியை இறக்கி, இளஞ்சூட்டில் அந்த மாவில் ஒரு தேக்கரண்டி கலந்து பத்து நிமிடம் விட்டால், தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகும். மறுபடி ஒரு கொதி விட்டு ஊட்டுங்கள். மெல்ல மறுக்கும் பிள்ளைக்கும் சத்துக் குறையாமல் போகும்.

முட்டையும் மீனும் சரியாகக் கொடுக்கும் வீடுகளில்கூட நோய் நாட்களில் எல்லாம் நின்றுவிடுகிறது. காய்ச்சல் என்றால் மீன் இல்லை, சளி என்றால் தயிரும் பழமும் இல்லை, வயிற்றோட்டம் என்றால் றஸ்கும் தேநீரும் மாத்திரம். மாதம் ஒரு கிழமை நோய், அடுத்த கிழமை பத்தியம் என்றால் மாதத்தில் பாதி போயிற்று. அந்தப் பாதியில்தான் நிறை இறங்குகிறது. தாய்ப்பாலை நிறுத்தாமல், சிறிது சிறிதாக, அடிக்கடி, வழமையான சாப்பாட்டையே கொடுங்கள். குணமான பிறகு இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். வயிற்றோட்டத்தில் ஜீவனியோடு (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல்) நாகமும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். வயிற்றோட்டம் மூன்றாம் நாள் நின்றாலும் நாட்களை முடிக்க வேண்டும். குடலின் சவ்வு மீளவும், அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி வராமலிருக்கவும் அதுதான் உதவுகிறது.

ரொனிக், விற்றமின், நுண்போசணைத் தூள்

இவற்றை ஒரே கூடையில் போடக் கூடாது.

கிளினிக்கில் பெரிய அளவில் கொடுக்கும் விற்றமின் ஏக்கு வலுவான சான்று உண்டு. இந்தோனேசியாவின் ஆச்சேயில் அல்பிரட் சொமரும் சகாக்களும் செய்து 1986இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தட்டம்மைத் தடுப்பூசி பரவிய பின் வந்த ஆய்வுகளில் பலன் அதைவிடச் சிறிது, ஆனாலும் உண்டு. ஆறு மாதத்துக்கொருமுறை கார்டில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், பூச்சி மருந்தையும் (குடற்புழு நீக்கும் மருந்து) அதே இடத்தில் பாருங்கள்.

நுண்போசணைத் தூள் பைக்கற்றும் இலவசம். பிழைப்பது கலக்கும் முறையில். சுடுசோற்றில் கொட்டினால் இரும்பின்மேல் பூசியிருக்கும் கொழுப்பு உருகி, சோறு கறுத்து, இரும்பு மணம் வரும். பிள்ளை துப்பிவிடும். ஆறிய, கட்டியான சாப்பாட்டில் முதல் மூன்று நாலு கரண்டிக்கு மாத்திரம் ஒரு முழுப் பைக்கற்றைக் கலந்து, அரை மணி நேரத்துக்குள் ஊட்டுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

காசு கொடுத்து வாங்கும் ரொனிக்குகளைப் பற்றி எங்கள் கருத்துக் கடுமையானது. பசி எடுக்காமைக்குப் பெரும்பாலும் காரணம் மறைந்திருக்கும் தொற்று, இரும்புக் குறை, அல்லது இடையில் கொடுக்கும் பாலும் பிஸ்கற்றும். ஒரு போத்தல் விலையில் எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பாருங்கள். சக்தியும் புரதமும் இல்லாமல் விற்றமின் மாத்திரம் போனால் தைமஸுக்குக் கட்டுமானப் பொருள் கிடைக்காது. அளவு மீறினால் கெடுதலும் உண்டு. நாகத்தை மாதக்கணக்காகக் கூடுதலாகக் கொடுத்தால் அது செம்பின் உறிஞ்சலைத் தடுத்து, கிருமியை விழுங்கும் வெண்குருதிக் கலங்களையே குறைத்துவிடும். தன்சானியாவின் பெம்பாத் தீவில் மலேரியா உள்ள இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்த ஆய்வில் கடும் நோய் கூடியது, 2006இல் அது வெளிவந்தது. இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது, அந்த ஆபத்து இங்கே இல்லை. ஆனாலும் இரும்புப் பாணியை வைத்தியர் சொன்ன அளவில் மாத்திரம் கொடுங்கள். போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். முழுப் போத்தலைக் குடித்தால் உயிராபத்து.

பால்மாவும் மால்ற் மாவும்

பால்மா நல்ல உணவு. ஆனால் கட்டுப்படியாக வேண்டுமென்று தண்ணீராகக் கரைத்த பால், வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுக்கும். நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் பசும்பாலோ பால்மாவோ போனால் இரும்புக் குறை வர வழி உண்டு. சூப்பிப் போத்தலில் கொடுத்தால் வயிற்றோட்டத்துக்கு வாசல் திறந்ததுதான். மால்ற் மாக்களில் பெரும்பகுதி தானியமும் சீனியும், ஒரு கோப்பையில் 2 கிராமளவு புரதம். காசு மிஞ்சினால் மாத்திரம் வாங்குங்கள்.

வைத்தியசாலை

கைச் சுற்றளவு 11.5க்குக் கீழே, இரு காலிலும் வீக்கம், எதையும் சாப்பிடாமை, தொடர் வாந்தி, சோர்ந்து படுத்தல், உடல் குளிர்ந்துபோதல், வேகமான மூச்சு (ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40 அல்லது கூட, அதற்குக் கீழ் 50 அல்லது கூட) – இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூதூர், கிண்ணியா, கந்தளாய் வைத்தியசாலைகளுக்கோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். வெருகல், குச்சவெளி போன்ற தூரத்து ஊர்களிலிருந்து போகிறவர்கள் வழியில் அரை மணிக்கொருமுறை சீனி கரைத்த தண்ணீரோ தாய்ப்பாலோ சிறிது கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மெலிந்த உடலில் குருதி வெல்லம் சட்டென்று விழும்.

அங்கே செய்யும் மூன்று விடயங்கள் வீட்டாருக்குப் புரியாமல் சண்டையில் முடிவதுண்டு.

முதலாவது, காய்ச்சல் இல்லாமலே நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குவது. காய்ச்சல் என்பது எதிர்ப்புச் சக்தியின் வேலை. அது விழுந்துவிட்ட உடலில் நியூமோனியா இருந்தும் சூடு ஏறாது, இருமல்கூட வராது. அறிகுறி இல்லாததைத் தொற்று இல்லாததாக எடுக்கக் கூடாது.

இரண்டாவது, பசியோடு இருக்கும் பிள்ளைக்கு முதல் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பது. எஃப்-75 என்ற அந்தப் பாலில் 100 மில்லிலீற்றருக்கு 75 கிலோகலோரி மாத்திரம். இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும் கொடுப்பார்கள். வாடிய உடலுக்கு ஒரேயடியாகக் கூடுதலாகக் கொடுத்தால் குருதியில் பொஸ்பேற்றும் பொற்றாசியமும் விழுந்து இதயம் நின்றுபோகலாம். கடும் மந்தபோசணையை வீட்டில் ஊட்டிச் சரிசெய்ய முயலக் கூடாது என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

மூன்றாவது, இரத்தம் குறைவு என்று சொல்லிக்கொண்டே இரும்பைக் கொடுக்காமல் இருப்பது. இரும்பைக் கட்டிவைக்கும் புரதம் குறைந்திருக்கும்போது கொடுத்த இரும்பு கிருமிக்கு உணவாகும். பசி திரும்பி நிறை ஏறத் தொடங்கிய பிறகுதான் கொடுப்பார்கள்.

பசி வந்து, வீக்கம் வடிந்த பின் செறிவான சிகிச்சை உணவோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அது ஒரு பைக்கற்றுக்கு 500 கிலோகலோரியளவு உள்ள மருந்து, இனிப்பாக இருப்பதால் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது.

எவ்வளவு காலம்?

பொலிவியாவின் கொச்சபம்பாவில் கடும் மந்தபோசணையில் இருந்து தேறிய பிள்ளைகளின் தைமஸை ஸ்கான் செய்து பார்த்தார்கள். நிறை ஒரு மாதத்தில் மீண்டது, தைமஸ் மீள இரண்டு மாதம் எடுத்தது. கன்னம் நிரம்பியதும் முட்டையை நிறுத்திவிடும் வீடுகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். நிறைப்புள்ளி தன் பாதைக்குத் திரும்பிய பிறகும் குறைந்தது இன்னொரு மாதம் அதே சாப்பாடு தொடர வேண்டும்.

இந்தக் கவனிப்பு பிள்ளையோடு நிற்கக் கூடாது. இந்தியாவின் ஜார்க்கண்டில் காசநோயாளரின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் நுண்போசணையும் கொடுத்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. அந்த வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. வீட்டில் காசநோய்க்கு மருந்து எடுப்பவர் இருந்தால், மெலிந்த பிள்ளையும் மெலிந்த தாயும் சேர்ந்து சாப்பாட்டில் தேற வேண்டும்.

திரிபோஷா இலவசமாக வந்தால் வாங்கி, அந்தப் பிள்ளைக்கு மாத்திரம் இடைச் சாப்பாடாகக் கொடுங்கள். கையில் உள்ள காசை முட்டை, சின்ன மீன், பருப்பு, எண்ணெய் என்ற வரிசையில் போடுங்கள். நுண்போசணையைக் கிளினிக்கிலிருந்து எடுங்கள். இரண்டாம் வயதில் பிள்ளைக்கு மாதம் 200 கிராமளவு ஏறுவது வழமை, தேறும் பிள்ளைக்கு அதைவிடக் கூட ஏற வேண்டும். ஒரு மாதம் இப்படி ஒழுங்காகக் கொடுத்தும் நிறை அசையவில்லை என்றால் சாப்பாட்டை இன்னும் கூட்டிப் பார்ப்பதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, பிள்ளை வைத்தியருக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போய், சிறுநீர்த் தொற்று, காசநோய், இதயக் குறைபாடு மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். கார்டையும், ஒரு கிழமைக்குப் பிள்ளை என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது என்று எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.